கப்பலில் சுஷியா? முதலில் சோற்றைப் பாருங்கள்

“தம்பி, இந்த மீன் இன்னிக்குப் பிடிச்சதா?”

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலில், சுஷி கவுன்ட்டரில் நான் நின்றிருந்தபோது அண்ணாநகர் அம்மா ஒருவர் கேட்டது இது. சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, நம்ம ஊர்ப் பையன் என்ற உரிமையில் கேட்டார். “இல்லம்மா, ஃப்ரீஸ் பண்ணின மீன்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “கடல் மேலேயே போறோம், ஐஸ் மீனா போடறீங்க?” என்று தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மேல் தப்பில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண் பளபளக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். குழம்புக்கு அந்தப் பார்வை போதும். சுஷி, வினிகர் சோற்றோடு பெரும்பாலும் பச்சை மீனை வைத்துத் தரும் ஜப்பானியச் சாப்பாடு. பச்சையாகச் சாப்பிடும் மீனுக்கு அந்தப் பார்வை போதாது.

கப்பல் சமையலறைகளில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சென்னையில் கேட்டரிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகு, தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் குரூஸ் பேச்சுதான். கூடவே, அங்கே சுஷி கிடைக்குமா, சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள்.

பயணிகள் கப்பல் போகிற வழியில் மீன் பிடிப்பதில்லை. பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் அந்தச் சில மணி நேரத்துக்குள் துறைமுகத்தில் சரக்கு ஏறிவிடும். சுஷிக்கான மீனும் அதில்தான் வரும், பெரும்பாலும் கல்லாக உறைந்து. அது உறைந்திருப்பது நமக்கு நல்லது. கடல் மீனின் சதையில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கலாம். பச்சையாகத் தின்றால் அது வயிற்றுச் சுவரைத் துளைத்துக் கடும் வலி கொடுக்கும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால், அல்லது மைனஸ் 35-ல் கெட்டியாக உறைந்த பிறகு அதே குளிரில் 15 மணி நேரம் வைத்தால் புழு செத்துவிடும். அமெரிக்க உணவு விதி இதைத்தான் கேட்கிறது. சில சூரை வகைகளுக்கும், தீவனம் போட்டுப் பண்ணையில் வளர்த்த சால்மனுக்கும் விலக்கு உண்டு.

இதைக் கேட்டுவிட்டு என் மாணவன் ஒருவன், “சார், வஞ்சிரத்தை வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் வச்சா சுஷி போடலாமா?” என்றான். கூடாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொட்டாலே பெரிது, அதுவும் நாளைக்குப் பத்து முறை திறந்து மூடுகிறோம். உறைய வைத்தால் கிருமிகள் எல்லாம் சாவதும் இல்லை. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். அதை உறைய வைத்தும் போக்க முடியாது, வேக வைத்தும் போக்க முடியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

ஆனால் மீனை மட்டுமே பார்ப்பவர்கள் சோற்றை விட்டுவிடுகிறார்கள். சுஷி என்ற பெயரே அந்த வினிகர் சோற்றுக்குத்தான். மீனை மட்டும் நறுக்கி வைத்தால் அது சஷிமி.

அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சு கக்கும். ராமேஸ்வரம் ரயிலுக்குப் புளியோதரை கட்டுகிறோமே, வெறும் சோற்றைக் கட்டுவோமா? புளி செய்கிற காவலை இங்கே வினிகர் செய்கிறது. அகலமான தொட்டியில் சுடுசோற்றைக் கொட்டி, வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த கரைசலை ஊற்றி, கரண்டியைச் சாய்த்து வெட்டுவதுபோலக் கிளறுவோம். அழுத்தினால் கூழாகிவிடும். ஒருவர் விசிறிக்கொண்டே இருப்பார். பிறகு கொஞ்சம் சோற்றைத் தண்ணீரில் கரைத்து மீட்டரை விட்டுப் பார்ப்போம். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-ஐத் தாண்டக் கூடாது, நாங்கள் 4.2 பக்கத்தில் நிறுத்துவோம். எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் உருண்டை பிடிப்போம்.

மீன் வைத்துச் சுருட்டிய சோற்று ரோல் குளிரை விட்டு வெளியே வந்தால் நான்கு மணி நேரம்தான் அதன் ஆயுள். ட்ரேயில் லேபிள் ஒட்டி நேரம் எழுதுவோம். நேரம் முடிந்தால் குப்பைக்குத்தான். புதிதாகச் சேர்ந்த வியாசர்பாடிப் பையன் முதல் நாள், “அண்ணே, நல்லாத்தானே இருக்கு” என்று ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றான். சோற்றைக் கொட்டக் கை வராது, நம் வளர்ப்பு அப்படி. வேறொரு கப்பலில், லேபிளைக் கிழித்துப் புது நேரம் எழுதச் சொன்ன மேலாளரையும் பார்த்திருக்கிறேன். அன்று எதுவும் பேசாமல் ட்ரேயைக் கொட்டிவிட்டேன்.

சரி, எங்கே சாப்பிடுவது? ராயல் கரீபியன் கப்பல்களில் இசுமி, கார்னிவல் கப்பல்களில் போன்சாய் சுஷி என்று தனிக் கடைகள் உண்டு, அதற்குத் தனிக் காசு. ஆர்டர் கொடுத்த பிறகு கண் முன்னால் செய்து தருவார்கள். என்னைக் கேட்டால் அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. டிக்கெட்டோடு சேர்ந்த பஃபேயில் வந்தால், பெரும்பாலும் வெள்ளரிக்காய், வெந்த இறால், நண்டுக் குச்சி வைத்த ரோல்தான். அந்த நண்டுக் குச்சி அரைத்த வெள்ளை மீன். கோதுமை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் இருக்கலாம், அலர்ஜிக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பஃபே சுஷியை ஐந்து டிகிரிக்குக் கீழே வைப்பதால் சோறு விறைத்துவிடும். அதில் ஆபத்து இல்லை, ருசிதான் போய்விடும். அதைத் தின்றுவிட்டு, சுஷி இவ்வளவுதானா என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சைவக்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் சில காய்கறி ரோல்களிலும் கட்சுவோபுஷி ஊறிய சாறு சேரும். நம் மாசிக் கருவாட்டின் ஜப்பானியச் சொந்தக்காரன் அது, சூரை மீனில் செய்தது. ‘வெஜிடபிள்’ என்று பலகையில் இருந்தாலும், மீன் சாறு சேர்த்ததா, கத்தியும் ரோல் சுருட்டும் மூங்கில் பாயும் தனியா என்று கேளுங்கள். கேட்டால் எந்தச் சமையல்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், சின்னக் குழந்தைகள், தள்ளாத வயதுக்காரர்கள் பச்சை மீன் பக்கம் போகவே வேண்டாம். வெந்த இறால் ரோல் இருக்கிறது, முட்டை இருக்கிறது. சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கப்பலில் பரவும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் சரிப்படாது. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த அண்ணாநகர் அம்மா மூன்றாம் நாள் பேரனோடு திரும்பி வந்தார். பையன் சால்மன்தான் வேண்டும் என்று அடம். மீனைப் பற்றி இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “இது எத்தனை மணிக்குப் போட்டது தம்பி?” என்றார். ட்ரேயைத் திருப்பி லேபிளைக் காட்டினேன்.