‘24 மணி நேரம் ஆகட்டும்’ என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஒரு ஜனவரி மாதம், காலை பத்து மணி இருக்கும். நான் வக்கீல், கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீலகிரியில் எமரால்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பழைய கட்சிக்காரர் ஒருவர் போன் செய்தார்.

“மேடம், ஒரு மனு எழுதித் தரணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள கிடைச்சா நல்லது.”

“என்ன மனு?”

“அப்பாவைக் காணோம். நேத்து நாலு மணிக்கு வெளிய போனவரு. இன்னைக்கு நாலு மணியானா 24 மணி நேரம் முடிஞ்சிடும். உடனே ஸ்டேஷன்ல கொடுத்துடலாம்னு...”

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. முந்தின ராத்திரி உறைபனி. ஊட்டியில் என் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே உப்பைக் கொட்டியது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தப் பெரியவருக்கு 74 வயது. ஞாபக மறதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. போட்டிருந்தது ஒரு முழுக்கைச் சட்டை, வேட்டி. மகன் என்னிடம் மனு கேட்கிறார், அதுவும் நேரம் கணக்குப் பார்த்து.

மனுவும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், இந்த நிமிஷமே 112-க்கு அடியுங்கள் என்று கத்திவிட்டேன். மதியம் ஒரு மணிக்குப் போலீசும் தீயணைப்புத் துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. கேரட் தோட்டத்துக்குக் கீழே ஓடைப் பள்ளம். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். இருப்பதிலேயே குளிரான இடத்தில் அவர் ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. நிமோனியா வந்து 18 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார்.

அசட்டையான குடும்பம் என்று நினைக்காதீர்கள். முப்பது பேர் டார்ச்சும் செல்போன் வெளிச்சமுமாக ராத்திரி பதினொன்று வரை தேடியிருக்கிறார்கள். எட்டு மணிக்கே மகன் ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பியிருக்கிறார். “இப்பப் போனா எடுக்க மாட்டாங்க, 24 மணி நேரம் ஆகணும்” என்று தடுத்தது மச்சான். அவருக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது டிவி.

இரண்டு வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது. முதலாவது, கூடலூர் பக்கம் ஒரு கல்லூரிப் பெண். குடும்பம் இரண்டு நாள் பொறுத்திருந்து போனபோது, பஸ் நிலையத்து எதிர்க்கடை கேமராவில் பழைய பதிவு அழிந்து புதிது ஏறியிருந்தது. அடுத்தது, சமவெளியிலிருந்து சுற்றுலா வந்தவரின் மனைவி. லாட்ஜ் ரூமில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த மூன்றாவதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் போலீஸ் தொடர்கள் பிடிக்கும். ராத்திரி கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எதிரில் டிவியை ஓட விடும் ஆள் நான். வருஷக்கணக்கில் ஓடும் தொடர்களில் எழுத்துக்கென்று ஒரு பலம் உண்டு, இரண்டரை மணி நேரச் சினிமாவால் அதைத் தொட முடியாது. சினிமாவில் போலீஸ் ஒரு ஹீரோ. தொடரில் போலீஸ் ஒரு வேலை. ஒரே மேஜை, ஒரே ஆறிப்போன டீ, ஒருத்தரை ஒருத்தர் சகித்துக்கொள்ளும் நாலு பேர். அமெரிக்காவில் 1981-ல் ஆரம்பித்த ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ ஒரே எபிசோடில் நாலைந்து கதைகளைப் பின்னி, சிலவற்றை முடிக்காமலே அடுத்த வாரத்துக்குத் தள்ளியது. நிஜ ஸ்டேஷனும் அப்படித்தான். ஒரு கேஸ் முடிந்த பிறகு இன்னொன்று வருவதில்லை, எல்லாம் ஒன்றாக வந்து குவியும்.

ஜெர்மனியில் 1970-லிருந்து ஓடும் ‘டாட்டோர்ட்’ இன்னொரு விதம். ஊருக்கு ஒரு போலீஸ் குழு, இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். அந்தந்த ஊரின் பேச்சும் தெருவும் குற்றமும் கதைக்குள் வரும். அந்த மாதிரி ஒன்று தமிழில் எடுத்து அதில் ஒரு குழு நீலகிரியில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். மஞ்சூர் ரோட்டில் மேகம் இறங்கி முன்னால் போகும் வண்டி தெரியாத நேரத்தில் துரத்தல் காட்சி எடுக்கட்டும் பார்ப்போம். குற்றவாளிக்கு முன்னால் காட்டெருமை குறுக்கே வந்து நிற்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1990-ல் ஆரம்பித்த ‘லா அண்ட் ஆர்டர்’. 20 வருஷம் ஓடி 2010-ல் நின்றது, 2022-ல் திரும்ப வந்தது. முதல் பாதியில் போலீஸ் ஆளைப் பிடிக்கும், இரண்டாம் பாதியில் கேஸ் கோர்ட்டுக்கு வரும். முதல் பாதியில் அவசரத்தில் செய்த தப்புக்கு இரண்டாம் பாதியில் விலை கொடுப்பார்கள். சரியாக எடுக்காத சாட்சியத்தை ஜட்ஜ் ஏற்க மாட்டார், குற்றவாளி சிரித்துக்கொண்டே படியிறங்குவான். வக்கீல்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

நம்ம ஊருக்குப் பழக்கமான ‘சி.ஐ.டி.’யில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் கிடையாது. 1998-ல் ஆரம்பித்து 2018 வரை 1500 எபிசோடுக்கு மேல் ஓடிய தொடர் அது, 2024 கடைசியில் மறுபடி வந்தது. அவ்வளவு நாள் ஓடுவது சும்மா இல்லை. பார்ப்பவர்களுக்கு அதில் வரும் பிரத்யுமன், தயா, அபிஜித் மூன்று பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் கன்னத்தில் ஓர் அறை, குற்றவாளி எல்லாவற்றையும் கொட்டுவான், அதிகாரி அங்கேயே ‘உனக்குத் தூக்குதான்’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். ஜட்ஜ் எதற்கு, நான் எதற்கு?

இது எழுத்தாளர்களுக்குத் தெரியாததால் வருவதில்லை. வாரா வாரம் ஒரு கதையை முடித்தாக வேண்டும். சாட்சியத்தைக் கோர்த்து நிரூபிக்க நேரமில்லை, குற்றவாளியே வாயைத் திறந்துவிட்டால் வேலை மிச்சம். நிஜத்தில் போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. முன்பு சாட்சியச் சட்டம் 25-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 23. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பேச்சு மட்டும் உள்ளே வரும். அந்த ஒரு விதிவிலக்கை வைத்து நாங்கள் பாதி வாழ்நாள் வாதாடுகிறோம். “அவனே ஒத்துக்கிட்டானே மேடம், அப்புறம் ஏன் ஜாமீன் கொடுத்தாங்க?” என்று கேட்கும் கட்சிக்காரர்களே, பதில் இதுதான்.

இப்போது அந்த 24 மணி நேரம். இதுவும் எழுத்தாளருக்கு வசதியான ஒன்றுதான். பதறிப்போய் ஒரு தாய் ஸ்டேஷனுக்கு வருகிறார். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ‘24 மணி நேரம் ஆகட்டும்மா’ என்கிறார். தாய் அழுகிறார். ஓரத்தில் நிற்கும் ஹீரோ பல்லைக் கடித்துக்கொண்டு, விதியை மீறித் தனியாகக் கிளம்புகிறார். ஒரே வசனத்தில் வில்லத்தனமான விதி, பாவப்பட்ட தாய், நல்ல போலீஸ் மூன்றும் கிடைத்துவிடும். இவ்வளவு மலிவான வசனத்தை எந்த எழுத்தாளர் விடுவார்?

அப்படி ஒரு விதி கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. போலீஸ் நிலையாணையில், அதாவது போலீசுக்கான துறை விதிகளில், இருக்குமோ என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அதிலும் இல்லை ஐயா. தமிழ்நாட்டில் காணாமல் போனவருக்கென்று ‘மேன் மிஸ்ஸிங்’ என்றே எப்.ஐ.ஆர். போடுகிறார்கள், அதற்குக் காத்திருப்பு நேரம் எதுவும் இல்லை. குழந்தை காணாமல் போனால் கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோ இருக்கலாம் என்ற அனுமானத்திலேயே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

சட்டத்தில் 24 மணி நேரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது போலீசுக்கு. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 22-ஆவது பிரிவு சொல்கிறது. போலீசைக் கட்டிப்போட எழுதிய நேரத்தை எடுத்து மக்கள் தங்கள் காலிலேயே கட்டிக்கொண்டார்கள். எந்த ஸ்டேஷனிலாவது யாராவது உங்களிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லியிருந்தால், அவர் பார்த்ததும் அதே டிவியாக இருக்கலாம். வேலையைத் தள்ளிப்போட நினைத்தும் சொல்லியிருக்கலாம். எப்படியும் சட்டம் அல்ல.

மற்றதெல்லாம் சுருக்கமாகவே சொல்கிறேன். தொடரில் செல்போன் இருக்கும் இடம் திரையில் சிவப்புப் புள்ளியாக மின்னும். டவர் கணக்கு அப்படி ஒரு புள்ளியைக் காட்டாது, ஒரு பரப்பைத்தான் காட்டும். மலையில் அது இன்னும் மோசம். ஒரு பள்ளத்து வீட்டின் போன் எதிர் மலை டவரைப் பிடித்திருக்கும், கூடலூர் தாண்டினால் கேரளா டவரையும் பிடிக்கும். ‘டவர் காட்டுதே, ஏன் போய்ப் பிடிக்கல?’ என்று எஸ்.ஐ.யிடம் சண்டை போடாதீர்கள், அவர் பாவம். இறந்த நேரத்தை ‘11-லிருந்து 11:15-க்குள்’ என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், நம் குளிரில் அந்தக் கணக்கு இன்னும் இழுக்கும். கதவை உதைத்துத் திறப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. யார் என்று சொல்லி, திறக்கச் சொல்லி, அப்புறமும் திறக்காவிட்டால்தான். அந்த முதல் இரண்டையும் தொடரில் வெட்டிவிடுவார்கள்.

அப்புறம் அந்தக் கைக்குட்டை. பஜாரில் கடை உடைத்துத் திருடப்பட்ட ஒருவர், பூட்டை நெம்பிய கம்பியைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முடிச்சும் போட்டு, ஸ்டேஷனுக்குப் போகாமல் என் ஆபீசுக்குக் கொண்டு வந்தார். (நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. எங்கே கிடைத்ததோ.) முகத்தில் அவ்வளவு பெருமை. கைரேகை ஏதாவது இருந்திருந்தால் பாதியைக் கைக்குட்டை துடைத்திருக்கும். ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது, பிளாஸ்டிக்குக்குள் வேர்த்தால் அது கெட்டுப்போகும். அதற்குக் காகித உறை வேண்டும். எடுத்த இடம், எடுத்த விதம், பார்த்த சாட்சிகள் எல்லாம் மகஜரில், அதாவது போலீஸ் அங்கேயே எழுதும் பதிவில், வர வேண்டும். அவர் என் மேஜையில் வைத்த நேரத்திலேயே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வாதம் தயார். தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். கடையைப் பெருக்காதீர்கள். வெளியே நின்று போன் செய்யுங்கள், அது போதும்.

யாராவது காணாமல் போனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மனசில் வையுங்கள். தேடிக்கொண்டே 112-க்கு அடியுங்கள், குழந்தை என்றால் 1098-க்கும். ஒருவர் தேடட்டும், ஒருவர் ஸ்டேஷனில் இருக்கட்டும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம். இந்த மேடு ஒரு ஸ்டேஷன், அந்தச் சரிவு இன்னொரு ஸ்டேஷன் என்று இருக்கும் ஊர் இது. எல்லை எதுவானாலும் எப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்ததற்கான ரசீதுதான்) கொடுத்தால் அது எப்.ஐ.ஆர். அல்ல. எப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் விஷயத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வக்கீலைத் தேடி வருவது கடைசி வேலை. மனு அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, வெள்ளைத்தாளில் நாலு வரி போதும்.

காணாமல் போனவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட துணியைத் துவைக்காதீர்கள். மோப்ப நாய்க்கு அதுதான் வேண்டும். எமரால்டு வீட்டில் மருமகள் விடியற்காலையிலேயே மாமாவின் துணியையெல்லாம் அலசிக் கொடியில் போட்டிருந்தார். “வீடு திரும்பினா மாத்திக்கத் துணி வேணுமேன்னுதான் மேடம்” என்றார். நான் என்ன சொல்வது?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று. அந்த வீட்டில் தேடிப்பிடித்துக் கொண்டு வந்தது 1987-ல் கல்யாணத்துக்கு எடுத்தது. கறுத்த முடி, அரிவாள் மீசை, கழுத்தில் மாலை. ஸ்டேஷன் ரைட்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்துக் கேட்டார்: “இது நீங்கதானே? அப்பா போட்டோவைக் குடுங்க.”