சொகுசுக் காருக்கு எந்த ஆக்டேன் பெட்ரோல்?

விலை உயர்ந்த கார் என்றால் பங்கில் இருப்பதிலேயே விலை கூடிய பெட்ரோலைத்தான் போட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘எதைப் போட்டாலும் வண்டி ஓடத்தானே செய்கிறது’ என்பவர்களும் உண்டு. முதலாமவருக்குப் பணம் மட்டும்தான் வீண். இரண்டாமவர் விஷயத்தில் இன்ஜினும் அடிவாங்க வாய்ப்பிருக்கிறது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேரும்வரை, சிலிண்டரின் மூலையில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 98 பெட்ரோலில் 95-ஐவிட எரிசக்தி கூடுதலாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எத்தனால் சேர்த்து எண்ணை உயர்த்தியிருந்தால் எரிசக்தி குறையவே செய்யும். எத்தனால் 10 சதவீதம் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதம் கலந்தால் 6 முதல் 7 சதவீதமும் எரிசக்தி குறையும். ‘பெட்ரோல் மாற்றியதிலிருந்து மைலேஜ் இல்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம்.

எண்ணை எந்த முறையில் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பங்கில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். (சோதனை இன்ஜினை இலகுவான நிலையில் ஓட்டி அளந்த ஆக்டேன் எண்). அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதியிருப்பது ஆர்.ஓ.என்., கடுமையான நிலையில் அளந்த எம்.ஓ.என். இரண்டின் சராசரியான ஏ.கே.ஐ. ஒரே பெட்ரோலுக்கு இந்த இரண்டு அளவுகளும் நான்கைந்து எண் வேறுபடும். ஆர்.ஓ.என். 95 என்பது ஏ.கே.ஐ.யில் ஏறத்தாழ 90 அல்லது 91. அமெரிக்கச் சந்தைக்கு அச்சிட்ட கையேட்டில் ‘91’ என்று படித்துவிட்டு ஆர்.ஓ.என். 91 நிரப்பினால், இன்ஜின் கேட்டதைவிட நான்கைந்து எண் குறைவாகப் போட்டதாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் கையேட்டை நம்பி ஏமாறுபவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். பெட்ரோல் மூடிக்கு மேலுள்ள சிறு கதவின் உட்புற ஸ்டிக்கரைப் பாருங்கள். உங்கள் காருக்கான கணக்கு அங்கே இருக்கும்.

அந்த ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’ என்று இரண்டு சொற்கள் வரலாம். குறைந்தபட்சம் என்பதற்குக் கீழே போகவே கூடாது. பரிந்துரை எண் என்பது, நிறுவனம் அறிவித்த குதிரைத்திறனும் மைலேஜும் எந்தப் பெட்ரோலில் கிடைக்கும் என்பதற்கான குறிப்பு. குறைந்தபட்சம் 95, பரிந்துரை 98 என்றால் 95-இல் இன்ஜின் கெடாது, கொஞ்சம் மந்தமாகும். பரிந்துரைக்கும் மேலே போவதில் பயனில்லை. கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் நிரலில் இடம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஆக்டேன் போதாதபோது உள்ளே நடப்பது இதுதான். கலவை தானாகப் பற்றிக்கொள்வதால் எழும் அதிர்வை (‘நாக்’) இன்ஜின் பிளாக்கில் இறுக்கியிருக்கும் நாக் சென்சார் பிடித்ததும், இசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சில டிகிரி தாமதப்படுத்துகிறது. டர்போ இன்ஜினில் பூஸ்ட்டையும் (காற்றை உள்ளே தள்ளும் அழுத்தத்தையும்) குறைக்கலாம். தாமதமாகப் பற்றவைத்த கலவையின் வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சைலன்சர் வழியே வெளியேறும். அதே வேகத்துக்கு நீங்கள் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பீர்கள்; மைலேஜ் போவது அங்கேதான். காதில் ‘கிண் கிண்’ சத்தம் கேட்கவில்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். சொகுசுக் காரின் ஒலித்தடுப்பு அதை உங்கள் காதுவரை விடாது.

உயர் ஆக்டேன் ‘பிரீமியம்’ பெட்ரோல் போட்டால் செலவு மிச்சமாகுமா? அதன் விலை 8 சதவீதம் கூடுதல் என்றால், மைலேஜும் 8 சதவீதம் கூடினால்தான் கணக்கு சரிக்குச் சரி. பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட, ஆனால் கட்டாயமில்லாத கார்களை அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2017-இல் சோதித்தபோது, மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம்தான் கூடியது. ஆகவே ‘பரிந்துரை’ வகைக் காரில் பணம் மிச்சம் என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. மலைப்பாதை, கடும் வெயில், முழு ஆட்கள், நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓவர்டேக் என்று இன்ஜினுக்குச் சுமை கூடும் பயணத்துக்கு மட்டும் உயர் ஆக்டேன் நிரப்புவது நியாயமான நடுவழி. ‘குறைந்தபட்சம்’ என்றே உயர் எண்ணைப் போட்டிருந்தால் கணக்குக்கு வேலையில்லை, அதைத்தான் நிரப்ப வேண்டும்.

நீங்களே சோதிப்பதென்றால் டேஷ்போர்டு காட்டும் சராசரியை மட்டும் நம்ப வேண்டாம், அது பல கார்களில் தாராளமாகவே காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். பெட்ரோல் வகையை மாற்றிய முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழையது கலந்திருக்கும், இசியூவும் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும். அதன்பின் வகைக்கு மூன்று டேங்காவது, அதே வழித்தடத்தில், அதே டயர் காற்றுடன் ஓட்டினால்தான் 3 சதவீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பிரீமியம் பெட்ரோலிலுள்ள சுத்திகரிப்பு ரசாயனம் இன்ஜெக்டர் முனைக்கு நல்லது. ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது, காற்று நுழையும் இன்டேக் வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோலும் கழுவாது. மேனிஃபோல்டை (காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த் தொகுதியை) கழற்றி, பெரும்பாலும் வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலிலும் கவனம் தேவை. ‘30 பாயின்ட் உயரும்’ என்றால் பெரும்பாலும் 3 எண்தான். 10 பாயின்ட் ஒரு எண். மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் உள்ளவை ஸ்பார்க் பிளக்கிலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் படிந்துவிடும்.

தவறிப்போய்க் குறைந்த ஆக்டேன் நிரப்பிவிட்டால் டேங்கைக் காலி செய்யத் தேவையில்லை. 30 லிட்டர் 91-உடன் 30 லிட்டர் 98 சேர்த்தால் ஏறத்தாழ 94.5 ஆகிவிடும். அதுவரை ஸ்போர்ட் மோட் வேண்டாம். குறைந்த ஆர்.பி.எம்.மில் உயர் கியர் வைத்து அழுத்தி மிதிக்காமல், ஒரு கியர் இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். பெட்ரோல் காரில் டீசல் போட்டது வேறு கதை. ஸ்டார்ட் பட்டனையே தொடாமல் வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

சரியான ஆக்டேன் போட்டும் மைலேஜ் குறைகிறதா, பெட்ரோலை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். நான்கு டயரிலும் 5 பி.எஸ்.ஐ. குறைந்தால் சுமார் 1 சதவீதம் போகும். வேகத்தை மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 120-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு சுமார் 78 சதவீதம் கூடும். பெரிய இன்ஜின் நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் குடிக்கும். இன்ஜினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால், எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே மைலேஜ் சரியத் தொடங்கும். இன்ஜின் சூடேறாததால் இசியூ பெட்ரோலை அதிகமாகவே ஊற்றிக்கொண்டிருக்கும்.

சர்வீசுக்கு விடும்போது, ஸ்கேனரை மாட்டி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவு பின்வாங்கினால் பெட்ரோலையும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியே வரும் காற்றின் வெப்பத்தையும் சந்தேகிக்கலாம். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகப் பின்வாங்கினால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர், பிளக், கரிப்படிவு மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். லாங்-டெர்ம் ஃபியூல் டிரிம் (இசியூ பெட்ரோல் அளவில் நீண்ட நாளாகச் செய்துவரும் திருத்தம்) 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் காற்றுக் கசிவு, உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இரண்டையும் சோதித்த பிறகே பெட்ரோல் வகையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.