மஞ்சள் ஒளியை எண்ணுவது எப்படி?

518,295,836,590,863.71. யிட்டர்பியம் அணுவுக்கு உரிய ஒரு மஞ்சள் ஒளி, வினாடிக்கு இத்தனை முறை அதிர்கிறது. அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள, அந்நாட்டு அரசின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட அளவு இது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த 71.

வினாடி என்றால் எந்த வினாடி? 1967 முதல், சீசியம் அணுவின் 9,192,631,770 மைக்ரோவேவ் அதிர்வுகள் சேர்ந்தால் ஒரு வினாடி. இந்த மஞ்சள் ஒளியின் அதிர்வை வைத்து ஓடும் யிட்டர்பியம் கடிகாரமோ அதைவிடப் பல மடங்கு துல்லியமானது. காய்கறிக் கடைத் தராசை வைத்து நகைக்கடைத் தராசைச் சோதிப்பது போன்ற வேலைதான். ஆனாலும் எடைக்கல் சீசியத்திடம் இருக்கிறதே!

சரி, முதலில் எப்படி எண்ணுவது? இந்த வேகத்துக்கு எந்த மின்சுற்றும் ஈடுகொடுக்காது. அதற்குத்தான் அதிர்வெண் சீப்பு. மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைச் சீராக விட்டுக்கொண்டே இருந்தால், அந்த ஒளிக்குள் லட்சக்கணக்கான நிறங்கள் சீப்புப் பற்கள் மாதிரி சம இடைவெளியில் நிற்கும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மின்சுற்றுகள் எண்ணக்கூடிய அளவுதான். மஞ்சள் ஒளி எத்தனையாவது பல்லுக்குப் பக்கத்தில், எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்தால் கணக்கு கைக்கு வந்துவிடும். இந்த வித்தையும் சேர்ந்த லேசர் அளவீட்டுப் பணிக்காகத்தான் போல்டரின் ஜான் ஹாலும் ஜெர்மனியின் தியோடர் ஹான்ஷும் 2005 இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அடுத்து, எண்ணியதைச் சீசியம் வினாடியோடு ஒப்பிட வேண்டும். அந்த வினாடியைத் தரும் உலகப் பொது நேரமான சர்வதேச அணு நேரம் போல்டரில் இல்லை. பல நாடுகளின் நூற்றுக்கணக்கான கடிகாரங்களைச் சராசரி பார்த்து, சிறந்த சீசியம் கடிகாரங்களோடு சரிபார்த்து, பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரில் அதைக் கணிக்கிறார்கள். செயற்கைக்கோள் வழியாகத்தான் ஒப்பீடு. அந்த வழியில் நடுக்கம் அதிகம், அது அடங்கப் பல நாட்கள் பிடிக்கும். யிட்டர்பியம் கடிகாரமோ இடைவிடாமல் ஓடுவதில்லை. அது நின்றிருக்கும் நேரத்தில் ஹைட்ரஜன் மேசர் கடிகாரங்கள் (ஹைட்ரஜன் அணுவின் மைக்ரோவேவ் அதிர்வில் இடைவிடாமல் ஓடுபவை) கணக்கைச் சுமந்து செல்கின்றன. இப்படி எட்டு மாதங்களில் 79 முறை அளந்தார்கள்.

உயரத்தையும் கழிக்க வேண்டும். போல்டர் கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு சற்றுத் தளர்வதால், அங்கே கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 15 நானோ வினாடி முந்தி ஓடும்.

இத்தனைக்கும் பிறகு, அந்த 71-ல் 11 கூடலாம், 11 குறையலாம். அந்தத் தயக்கம் யிட்டர்பியத்துடையது அல்ல. அதை எடை போட்ட சீசியத்திலிருந்தும், நடுவில் இருந்த வழியிலிருந்தும் வந்தது.