முந்திரிகைக் கொடியை வெட்டப் பயப்படாதீர்கள்

இந்த மாதம் நான் பார்த்த நாலாவது முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் இது. வன்னியில், வவுனியாவை அடுத்த ஓமந்தைப் பக்கம், கிணற்றடியில், கீழே பாய் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு நிழல். மூன்று வருடமாகக் கத்தரியே படவில்லை. தேடித் தேடி எண்ணினால் ஏழு குலை, அதிலும் பாதி பச்சை, பாதி கறுப்பு, வாயில் வைத்தால் பல் கூசுகிறது. “பிள்ளை மாதிரி வளர்த்தது தம்பி, வெட்ட மனம் வரேல்லை” என்கிறார் அம்மா. என்னத்தைச் சொல்ல?

வெட்டினால் காய் குறையும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! முந்திரிகை மாமரம் இல்லை. பழைய தடித்த கொப்பில் குலை வராது. போன போகத்தில் வளர்ந்து முற்றிய, பென்சில் தடிப்புக் கொப்பின் மொட்டிலிருந்து வருகிற புதுத் தளிரில்தான் வரும். குளிர் நாட்டில் கொடி தானாக இலை கொட்டி, உறங்கி, எழும்பும். வன்னியில் அந்தக் குளிர் ஏது? நாங்கள் வெட்டுவதுதான் அதை எழுப்புகிறது. வெட்டாவிட்டால் நுனி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு, அடுத்த போகத்துக் குலை இப்போதே மொட்டுக்குள் உருவாகிறது, அதற்கு வெயில் வேண்டும், இலைக் காட்டுக்குள் கிடக்கிற மொட்டிலிருந்து குலைக்குப் பதிலாக, பந்தலைச் சுற்றிப் பிடிக்கிற வெறும் பற்றுக்கம்பிதான் வரும்.

அதற்காக மொட்டையடிக்கவும் வேண்டாம். கொப்புக்கு நாலு முதல் ஆறு கணு விடுங்கள், இனத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். எல்லாக் கொப்பையும் விட்டால் சில வருடம் குலை கூடுவதும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலை செய்கிற சீனி அத்தனை குலைக்கும் பங்கு போனால் நிறமும் ஏறாது, புளிப்பும் போகாது.

வெட்டி மூன்றரை, நாலு மாதத்தில் பழம். கணக்குப் பார்த்து வெட்டுங்கள். தையில் மழை ஓய்ந்ததும் ஒன்று, அந்தப் பழம் பறித்துக் கொடி கொஞ்சம் ஆறியதும் மற்றது, அது வைகாசியைத் தாண்டவே கூடாது. மாரி மழைக்குள் அகப்பட்ட பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பிறகு என்னிடம் மருந்து கேட்டுப் பயனில்லை.

வெட்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தண்ணீரைக் குறையுங்கள். கையால் முறிக்காதீர்கள், கத்தரியைக் கொடிக்குக் கொடி துடையுங்கள். வெட்டிய இடத்தில் நீர் சொட்டும், அதற்காக இரவில் எனக்குப் போன் எடுக்க வேண்டாம், தானாக நிற்கும். வெட்டின கொப்பைத் தயவுசெய்து பந்தலுக்குக் கீழே குவிக்காதீர்கள், நோய் அங்கேயிருந்துதான் மேலே ஏறுகிறது. மருந்தடித்த இலை என்றால் ஆட்டுக்கும் போடவேண்டாம்.