கவாப்பூ: கலப்பு எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலையும் பூடிலையும் இணைத்தால் பிறப்பது கவாப்பூ. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மக்கள் விரும்பி வாங்கும் சிறு நாய்களில் ஒன்று. பூடில் பக்கம் மிகச் சிறிய டாய் வகையா, அதைவிடச் சற்றுப் பெரிய மினியேச்சர் வகையா என்பதைப் பொறுத்து, வளர்ந்த நாய் 5 முதல் 10 கிலோ வரை இருக்கும். விற்பவர்கள் வழக்கமாக மூன்று உறுதி தருவார்கள்: முடி கொட்டாது, அலர்ஜி வராது, கலப்பு என்பதால் நோய் அண்டாது. முதலாவதிலும் மூன்றாவதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் விலைக்கு ஏற்ற அளவில் இல்லை; இரண்டாவதை நம்ப முடியாது.

நோயிலிருந்து தொடங்கலாம். கேவலியருக்கே உரிய சில பரம்பரை நோய்கள் உண்டு. ஒன்றில், விளையாடிக்கொண்டிருக்கும் குட்டி திடீரெனக் கால் விறைத்துச் சாய்ந்துவிடும். இன்னொன்றில் கண்ணீர் சுரக்காது. கூடவே தோல் செதில் செதிலாகிப் பாதங்கள் தடித்துப்போகும். பூடிலிடம் வேறொன்று: விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் நோய். இவை எல்லாமே ஒடுங்கு மரபணுக்களால் வருபவை. அதாவது தாய் தந்த பிரதி, தகப்பன் தந்த பிரதி இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய் வெளிப்படும். கேவலியரின் பழுது பூடிலிடம் இல்லை, பூடிலின் பழுது கேவலியரிடம் இல்லை என்றால், முதல் தலைமுறைக் குட்டிக்குப் பழுதான பிரதி ஒன்றுதான் போய்ச் சேரும். நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கலப்பின் அசல் லாபம் இதுதான்.

இந்த லாபம் ஒரு தலைமுறைக்கே உறுதி. சுருள் முடி இன்னும் கூடட்டும் என்று கவாப்பூவை மறுபடி பூடிலுடன் இணைப்பது இப்போது பெருவழக்கு. எஃப்1பி என்று விளம்பரத்தில் போடுவார்கள். அந்தக் கவாப்பூ விழித்திரை நோயின் ஒரு பிரதியைச் சுமந்து, புதிய பூடிலும் ஒரு பிரதியைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் குருடாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரவில் படியிறங்கத் தயங்குவது முதல் அறிகுறி. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியிலேயே பெற்றோர் நாய் சுமக்கும் பழுதான பிரதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்தப் பரிசோதனை செய்யாமல் இணைப்பதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

இதயத்தின் கதை வேறு. கேவலியரின் இடப்பக்க இதய வால்வு வயதாக ஆகத் தடித்து, சரியாக மூடாமல் ரத்தத்தைப் பின்னுக்குக் கசியவிடும். 5 வயதில் ஏறக்குறைய பாதி கேவலியர்களிடம் அந்த முணுமுணுப்புச் சத்தம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும். 10 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். இதற்குப் பல மரபணுக்கள் சேர்ந்து காரணம். தவிர, வால்வு தேய்வது பொதுவாகவே சிறு நாய்களின் நோய். பூடிலும் அதற்கு விலக்கல்ல. எனவே கலப்பதால் ஆபத்து குறையலாம், மறையாது. லண்டனின் ராயல் வெட்டர்னரி கல்லூரி 2024-ல் கவாப்பூ, காக்கப்பூ, லாப்ரடூடில் ஆகிய மூன்று பூடில் கலப்புகளை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டது. 86.6 சதவீத ஒப்பீடுகளில் நோய் வாய்ப்பு வேறுபடவே இல்லை. மீதியில் கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய சரிபாதி.

வீட்டிலேயே செய்யக்கூடிய இதயப் பரிசோதனை ஒன்று உண்டு, காசும் ஆகாது. நாய் ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும் நேரத்தில் எண்ணினால் கணக்குத் தப்பும். முணுமுணுப்பு உள்ள நாய்க்கு இதை வாரம் இருமுறையாவது எழுதிவைப்பது நல்லது. எண்ணிக்கை 30-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். இருமல் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கும் முந்தைய கட்டத்தில், இதயம் பெருத்துவிட்டது, ஆனால் மூச்சு இன்னும் சரியாகவே இருக்கிறது என்ற நிலையில், பிமோபெண்டான் மாத்திரை தொடங்கினால் இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டுதோறும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

உடம்பு சிறுத்ததாலேயே வரும் தொல்லைகள் தனி. நடந்துகொண்டே இருக்கும் நாய் பின்னங்கால் ஒன்றைத் தூக்கி இரண்டு மூன்று அடி நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால், முழங்கால் சில்லு உட்பக்கமாக நழுவித் திரும்புகிறது என்று பொருள். தாய் தகப்பன் இரு இனங்களிலும் இருப்பதால் கலப்பு இதில் கைகொடுக்காது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் விரிப்பு போடுவதும் எடையைக் கட்டுப்படுத்துவதும் உதவும். பற்களைப் பாருங்கள்: மிகப் பெரிய இனமான கிரேட் டேனுக்கும் 42 பல், இந்தச் சின்னத் தாடைக்கும் 42 பல். நெருக்கியடித்து நிற்பதால் இடுக்கில் உணவு தங்கி, ஓரிரு நாளிலேயே படலம் காரையாக இறுகத் தொடங்கும். தினமும் நாய்க்கான பேஸ்டால் துலக்க வேண்டும். நம்முடைய பேஸ்டில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு விஷம். 7 மாதமாகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் பிடுங்கிவிட வேண்டும்.

இனி முடி. நாய் முடியின் வகைகளை மூன்று மரபணுக்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்று 2009-ல் தெரியவந்தது. ஒன்று நீளம், ஒன்று சுருள், ஒன்று மீசை-தாடி. நீள முடிக்கான பிரதி கேவலியர், பூடில் இரண்டிலும் இருப்பதால் குட்டிகள் எல்லாம் நீள முடிக்காரர்கள். மீசைக்கு ஒரு பிரதியே போதும், பூடில் அதைக் கொடுத்துவிடும். பொம்மை போன்ற அந்த முகம் வருவது இதனால்தான். சுருளுக்குப் பாதி அளவே கிடைப்பதால் முடி அலையலையாக நிற்கும். முடி உதிர்வதும் குறைகிறது, ஆனால் உதிரும் கொஞ்சம் தரையில் விழாமல் அலைக்குள்ளேயே சிக்கிச் சடையாகிறது. காதின் பின்புறம், அக்குள், உடல்வார் உராயும் இடம், இங்கெல்லாம் முதலில் பிடிக்கும்.

மேலோட்டமாகத் தூரிகை போட்டால் வெளியே பளபளப்பாகவும் தோலருகே கம்பளமாகவும் இருக்கும். கையால் முடியைப் பிரித்துத் தோல் தெரியும்படி வரி வரியாக, நுனியிலிருந்து வேர் நோக்கி அவிழ்த்து வர வேண்டும். கடைசியில் உலோகச் சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடையின்றி ஓடினால் வேலை முடிந்தது. சீவிய பிறகே குளியல். நனைந்த சிக்கு காயும்போது இறுகும். அதற்குப் பிறகு மழிப்பதைத் தவிர வழியில்லை. குட்டிமுடி மாறும் 6 முதல் 12 மாத காலத்தில் தினமும் சீவுவதும், அதன்பின் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தரிப்பதும் பழக்கமாகட்டும்.

அலர்ஜி பற்றி ஒரு வார்த்தை. அதைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. 2012-ல் அளந்து பார்த்தபோது அலர்ஜி தராதவை எனப் பெயர்பெற்ற இனங்களின் முடியில் அது குறைவாக இல்லை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாங்குவதற்குமுன் அந்த நாயோடேயே சில மணி நேரம் இருந்து பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

குணத்தை இனப்பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வில், ஒரு நாயின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதமே. ஆயினும் மடிநாயாக வளர்க்கப்பட்ட கேவலியரும், மனிதனோடு சேர்ந்து நீரில் வேட்டைப் பறவை பொறுக்கிய பூடிலும் ஆளை ஒட்டியே இருக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே தனிமையைத் தாங்கக் கற்றுக்கொடுப்பது முதல் வாரத்து வேலை. கதவைச் சாத்திவிட்டுச் சில நொடியில் திரும்புங்கள். அது பதறாமல் படுத்திருந்தால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள், பதறினால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். செல்போன் கேமராவை ஓடவிட்டுப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் குரைக்காமலேயே வாயொழுக நடைபோடும் நாய்களும் உண்டு. குரைத்துக் குரைத்து ஓய்ந்து படுத்துவிட்டால் பழகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம்; பெரும்பாலும் அது களைப்புதான், மறுநாள் அதே பதற்றம் இன்னும் சீக்கிரமாகத் தொடங்கும்.