இழைமணி மரபுத்தொகுதி: வரிசைப்படுத்தலா, வரிசையறிதலா?

'விராலின் மைட்டோகாண்ட்ரியா மரபணு வரிசைப்படுத்தப்பட்டது.' இந்த மாதிரி வாக்கியங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. இதில் விராலைத் தவிர மற்ற மூன்று சொற்களும் மாற வேண்டியவை.

மைட்டோகாண்ட்ரியன் என்பது உயிரணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு. 1898இல் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் பெண்டா வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் இழை, கோண்ட்ரியோன் என்றால் சிறுமணி. அதுவே தமிழில் இழைமணி. மட்டக்களப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதும் இதைத்தான். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் மைட்டோகாண்ட்ரியா?

அடுத்தது வரிசைப்படுத்தல். கலைந்து கிடப்பதை ஒழுங்காக வைப்பதற்குத்தான் தமிழில் அந்தச் சொல். விராலின் டி.என்.ஏ. கலைந்து கிடக்கவில்லை. டி.என்.ஏ.யின் எழுத்துகளான நான்கு வகை மூலங்கள் (A, T, G, C) எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று வாசிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. வரிசையை அவர் உண்டாக்குவதில்லை. வாசித்த துண்டுகளைக் கணினியில் கோத்துச் சேர்க்கிறார்களே, அது வரிசைப்படுத்தல்தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்படிக் கோப்பதும் மீனுக்குள் ஏற்கெனவே இருந்த ஒழுங்கைக் கண்டுபிடிக்கத்தான். ஆகவே வரிசையறிதல் என்பதே சரி. இன்னொரு கேடும் உண்டு: வரிசைப்படுத்தினார்கள் என்று வாசிப்பவர், மீனின் மரபையே யாரோ மாற்றியமைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

மூன்றாவதான மரபணுதான் பெரிய பிழை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஜீனோம், அதாவது டி.என்.ஏ. முழுவதும். 1920இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் ஆக்கிய அந்தச் சொல் ஒரு மரபணுவைக் குறிப்பதல்ல. மீனின் இழைமணியில் உள்ள டி.என்.ஏ. ஒரு வளையம், பெரும்பாலும் 16,500 மூலச்சோடி அளவில் இருக்கும். அதில் 37 மரபணுக்கள்: 13 புரதங்களுக்கு, 22 கடத்து ஆர்.என்.ஏ.வுக்கு, 2 ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கு. அப்புறம் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஒன்று. அது மரபணுவே அல்ல. ஆனால் வேகமாக மாறுகிற பகுதி என்பதால், உன்னிச்சைக் குளத்து விராலும் சேனாநாயக்க சமுத்திரத்து விராலும் ஒரே தாய்வழியா என்று பார்க்க அதைத்தான் முதலில் தேடுவார்கள். மரபணு என்று எழுதினால் அந்தப் பகுதி சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது. மரபணுத்தொகுதி என்றாலும் அதே குறைதான். மரபுத்தொகுதி என்றால் முழு வளையமும் அடங்கும்.

இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்தே வருகிறது. மட்டக்களப்பில் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவதைப் போல. இதை நம் வாசகருக்கு விளக்க ஒரு வரி போதும். மொழிபெயர்ப்பவர்களோ அந்த ஒரு வரியை எழுதுவதில்லை. ஜீன், ஜீனோம், டி.என்.ஏ. மூன்றுக்கும் மரபணு என்று போட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். பாடநூலிலோ ஜீனுக்குப் பரம்பரை அலகு என்று இருக்கிறது. செய்தியைப் படிக்கும் மாணவன் எதை எதோடு பொருத்துவான்? 'விராலின் இழைமணி மரபுத்தொகுதியின் வரிசை அறியப்பட்டது' என்று எழுதுவதில் என்ன சிரமம்?