ஓய்வு நேரத்தில் செஸ் ஆடுவேன்

என்னைப் பற்றிய குறிப்பில் கடைசி வரி அது. படிப்பு, அனுபவம், எந்தெந்தப் பிரச்சினைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன் என்று ஏழெட்டு வரி எழுதிவிட்டு, படிப்பதற்குக் கொஞ்சம் மனுஷத்தனமாக இருக்கட்டுமே என்று அதையும் சேர்த்திருந்தேன். அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன்.

நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். நான்கு அமர்வுகள் முடிந்தும் பேச்சு ஓடவில்லை. எதைக் கேட்டாலும் ஒரு நிறுத்தம், அப்புறம் அளந்து எடுத்த ஒரு பதில். மனச்சோர்வால் வந்த மந்தம் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாவது அமர்வில், என்னிடம் பேச எது தடையாக இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க செஸ் ஆடுவீங்கன்னு போட்டிருந்தது மேடம். நான் ஒண்ணு சொன்னா, அதுக்கு அடுத்த ரெண்டு மூவ் யோசிச்சு வச்சிருப்பீங்களோன்னு இருக்கு. அதான் பாத்துப் பாத்துப் பேசுறேன்."

சிறு வயதிலிருந்து அவர் வீட்டில் சொன்ன வார்த்தையெல்லாம் என்றாவது ஒருநாள் அவர்மேலேயே திரும்பிய கதை அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. அவர் வந்த காரணமே அதுதான். நான் விளையாட்டாக எழுதிய வரி, அவர் கதவைத் திறக்கும் முன்பே அவரிடம் பேசத் தொடங்கியிருந்தது.

ஆலோசகரைத் தேடுகிறவர்கள் இந்தக் குறிப்புகளை எவ்வளவு கூர்ந்து படிக்கிறார்கள் என்று எழுதுகிற எங்களுக்கே தெரிவதில்லை. அதனால் எப்படிப் படித்தால் உங்களுக்குப் பயன்படும் என்று என் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் படிப்பு. என்னைப் பலர் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு மனநோய்த் துறையில் பயின்றவர். மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் மனநோய்களை மதிப்பிடவும் பேச்சுவழிச் சிகிச்சை தரவும் பயின்றவர். சிக்கல் 'ஆலோசகர்' என்ற சொல்லில்தான். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவரும் போட்டுக்கொள்ளலாம், ஒரு வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பட்டத்தின் பெயரோடு நிற்காமல், நேரில் ஆட்களைப் பார்த்துப் பயின்ற காலம் எவ்வளவு, அப்போது மேற்பார்வை செய்தது யார் என்று கேளுங்கள். இன்றைக்கும் ஒருவர் மேற்பார்வை செய்கிறாரா என்றும் கேளுங்கள். பதினான்கு வருடத்தில் என்னிடம் இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் என்னைவிட மூத்த ஒருவரிடம் போய், பெயர் சொல்லாமல், என் அமர்வுகளைப் பற்றிப் பேசுகிறேன். அந்தச் செஸ் விஷயம் உடைந்ததும் அப்படித்தான். "மந்தம்னு எதை வச்சு எழுதினே?" என்று அவர் கேட்டார். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. வந்தவரிடம் கேட்காமலே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஐந்தாவது அமர்வில் நான் கேட்ட கேள்வி அங்கே கிடைத்தது.

இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் செவிலியராக இருந்தேன், பாதிக்கு மேல் இரவு ஷிஃப்ட். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும் நேரத்தில், என் முகத்தைப் பார்க்காமலே மனிதர்கள் எவ்வளவோ பெரிய விஷயங்களைச் சொல்லிவிடுவார்கள். இன்றும் என் அறையில் நாற்காலிகள் நேருக்கு நேராக இருக்காது, கொஞ்சம் சாய்த்துப் போட்டிருப்பேன். அங்கிருந்து கொண்டுவந்த இன்னொரு பழக்கம்: தீராத அசதி, எதிலும் நாட்டமில்லை, எடை ஏறுகிறது என்று ஒருவர் வந்தால், ரத்தப் பரிசோதனை செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்பேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். அதற்கு மணிக்கணக்கில் என்னிடம் பேசிப் பயனில்லை.

அடுத்தது அணுகுமுறை. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அழகான சொற்கள் அதிகம்.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், வருபவரை 'நோயாளி' என்று சொல்வதை விட்டு 'கிளையன்ட்' என்று சொல்லும் வழக்கத்தைப் பரப்பியவர். ஆலோசகர் பாசாங்கு இல்லாமல் இருப்பது, வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவர் இருக்கும் இடத்திலிருந்தே அவரைப் புரிந்துகொள்வது என்று அவர் 1957இல் முன்வைத்தவை எல்லோருக்கும் பிடித்துப்போயின. இப்படிச் சில நிலைமைகள் இருந்தால் மாற்றம் வந்துவிடும், வேறொன்றும் தேவையில்லை என்பது அவர் வாதம். இவை இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் எப்போதும் இவை போதும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்குக் காரணம் ஒரு பெண். கை கழுவுவதை நிறுத்த முடியாமல், தோல் வெடித்த நிலையில் வந்தார். அதற்கு முன் இரண்டு வருடம் வேறொரு ஆலோசகரிடம் போயிருக்கிறார். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்டிருக்கிறார், குழந்தைப் பருவம் முழுவதும் பேசியாயிற்று. ஒவ்வொரு அமர்விலும் "உங்க கை சுத்தமாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறார். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்யும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழல் நோயில் (OCD) அந்த ஆறுதல்தான் தீனி. கேட்ட நிமிடம் பயம் தணியும், மறுபடி வரும்போது இன்னும் பெரிய ஆறுதல் கேட்கும். பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை கூடவே இருக்கப் பழக்கும் முறையை விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இலேயே எழுதிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது அது. அன்புக்கு அங்கே குறையே இல்லை.

"எல்லா முறைகளையும் கலந்து, உங்களுக்கு ஏற்றபடி" என்று எழுதியிருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். கலப்பது தப்பில்லை, நானும் கலக்கிறேன். எண்ணங்களை எழுதிப் பார்த்துச் சோதிக்கும், மனநல மருத்துவர் ஆரன் பெக்கின் வழியை வாரம் முழுக்கப் பயன்படுத்துகிறேன். ஆனால் "என் பிரச்சினைக்கு மூன்றாவது அமர்வில் நாம் என்ன செய்துகொண்டிருப்போம்?" என்று நீங்கள் கேட்டால், எந்த ஆலோசகருக்கும் ஏதோ ஒரு பதில் இருக்க வேண்டும். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் ஆலோசனை உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம், இருவருக்கும் நடுவில் உள்ள பிணைப்பு. பிணைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் முதல் இரண்டையும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

மூன்றே அமர்வில் குணம் என்று உத்தரவாதம் தருபவரை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது எப்போதெல்லாம் ரகசியமாக இருக்காது என்பதை முதல் நாளே சொல்லாதவரையும்தான். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் கொடுமை போன்றவற்றில் ரகசியத்துக்கு எல்லை உண்டு. தன்னிடம் வந்தவர்களின் கதைகளை விளம்பரமாகப் போடுபவரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், ஆனால் நானும் இங்கே அதைத்தானே செய்கிறேன். இந்த இருவரிடமும், ஆலோசனை முடிந்து நெடுநாள் கழித்துச் சம்மதம் கேட்டேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அழுத்திக்கொண்டிருந்தால், இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு.

இனி, அந்தக் கடைசி வரி. மருத்துவர் தன்னைக் காட்டாமல், கண்ணாடியைப் போல எதிரில் இருப்பதை மட்டும் காட்ட வேண்டும் என்று ஃப்ராய்ட் 1912இல் எழுதினார். அப்படி எழுதியவரின் அறையில் பார்த்த இடமெல்லாம் பழங்காலச் சிலைகள். பிற்காலத்தில் ஜோஃபி என்ற அவருடைய நாயும் அமர்வுகளில் படுத்துக் கிடந்தது. அவராலேயே மறைக்க முடியவில்லை. நான் மட்டும் செஸ் பலகையை ஒளித்து என்ன ஆகப்போகிறது? நான் ஒளித்தால் என் செருப்பையோ, சுவரில் தொங்கும் படத்தையோ ஒருவர் படிப்பார்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குறிப்பில் எந்த வரியாவது முள்ளாகக் குத்தினால், அதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். சின்ன விஷயம் என்று தோன்றினாலும் சரி. "உங்களுக்குக் கல்யாணம் ஆகலைபோல, என் பிரச்சினை புரியுமா?" என்றுகூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆலோசகர் முகம் சுளிக்கிறாரா, விளக்கம் கொடுத்தே உங்களை வாயடைக்கிறாரா, இல்லை அந்தச் சந்தேகத்தை உங்களோடு சேர்ந்து திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பட்டங்கள் சொல்லாததை அந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

கடைசி அமர்வு முடிந்து எழுந்தபோது அவர், "ஒரு ஆட்டம் போடலாமா மேடம்?" என்றார். முடியாது என்றேன். அடுத்த வருடம் திரும்ப வர வேண்டியிருந்தால் அவருக்கு ஆலோசகராக ஒருத்தி இருக்க வேண்டும், செஸ் கூட்டாளியாக அல்ல என்று காரணத்தையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். கதவருகே போய்த் திரும்பி, "நல்லா ஆடுவீங்களா?" என்று கேட்டார். பெரும்பாலும் தோற்பேன் என்றேன்.

"அதை எழுதுங்க முதல்ல."

எழுதிவிட்டேன்.